குளத்து நீரும் ஒற்றைக்கண் உயிரும்



குளங்கள் மலிந்த காஞ்சிமாநகரில் நாம் இன்று பேசப் புகுவது ஒரு சிற்றுயிரைப் பற்றியதாகும். கடலிலே கோடானுகோடியாய் வாழ்ந்து மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் துடுப்புக்காலிகளின் உறவினமே அது, பெயர் சைக்கிளாப்ஸ். குளத்திலும் படிக்கிணற்றிலும் வாழும். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், கண் ஒன்றே. பெண்ணுயிர் இரு முட்டைப் பைகளைச் சுமந்து நீந்தும்.

தன்னளவில் இது தீயதன்று. இதன் சில வகைகள் கொசுப்புழுவையும் தின்னும். ஆயினும், நரம்புச்சிலந்தி நோயுற்றவர் குளத்தில் இறங்கினால், புண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்குஞ்சுகளை இது விழுங்கிவிடும். அந்நீரைப் பருகியவர் காலில், ஏறக்குறைய ஓராண்டு கழித்து நீண்ட புழு வெளிவரும். உழவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய நோய் இது, தமிழ்நாட்டிலும் இருந்தது.

இதற்குத் தடுப்பூசி இல்லை. வடிகட்டிய நீரும், கால் படாத கிணறுமே பெரிதும் வென்றன. 1996-ல் இந்தியாவின் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-ல் நம் நாடு இந்நோய் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நெசவாளர் ஊரில் சொல்லவும் வேண்டுமோ? நெருக்கமாக நெய்த துணியை மடித்து வடித்தால் இவ்வுயிர் தங்கிவிடும். ஆனால் நோய்க்கிருமிகள் தங்கா. ஆகவே வடித்த நீரைக் காய்ச்சியே பருகுதல் வேண்டும். குடிநீர் நிலையில் எவரும் இறங்காவண்ணம் காத்தல் பஞ்சாயத்தின் கடமையெனக் கொள்வோமாக!