பழைய ஓவியத்துக்கு ஈரத்துணி வேண்டாம்



மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், நெஞ்சில் கை வைத்து, வாளோடு நிற்கும் ஒரு பிரபுவின் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. எல் கிரேக்கோ சுமார் 1580-இல் வரைந்தது. பின்புலம் கறுப்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1996-இல் வல்லுநர்கள் பிற்காலப் பூச்சை நீக்கியதும் சாம்பல் நிறம் தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? உங்கள் வீட்டிலும் பழைய எண்ணெய் ஓவியம் இருக்கலாம். பண்டிகைக்கு முன் அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெடிப்புகளில் தண்ணீர் இறங்கினால் வண்ணம் உதிரும், போனது திரும்பாது. மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெயில் படும் சுவர், ஓதம் ஏறிய சுவர் இரண்டும் ஆகாது. வண்ணம் உரியத் தொடங்கியிருந்தால் தொடவே வேண்டாம். ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.