இசைத்தட்டின் பிறவிக் குறைகள்



1984-ஆம் ஆண்டில், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளிக்கு வீணை இசை அடங்கிய நீள்நேர இசைத்தட்டு ஒன்று வாங்கினோம். அதனைச் சுழற்றும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. தட்டின் இரண்டாம் பக்கத்தை நான் முதன்முறையாகக் கேட்ட அன்று, ஆலாபனையின் நடுவே ‘டக்’, ‘டக்’ என்று ஓர் ஓசை எட்டு முறை சீராக எழுந்து மறைந்தது. ஊசியைக் குறுக்கே இழுத்துவிட்டான் என்று நான் முடிவு செய்தேன். அவன் மறுத்தான். மறுத்ததையே இரண்டாவது குற்றமாகக் கொண்டு, அவனை அப்பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

இசைத்தட்டு எவ்வாறு பிறக்கிறது என்பதை அன்று நான் அறிந்திருந்தால் அவ்வாறு செய்திருக்க மாட்டேன். அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய அரக்குப் பூச்சுப் பூசி, அதில் ஒலித்தடத்தை வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளிப் படலமிட்டு, மின்முலாம் முறையில் நிக்கலைப் படியச் செய்து உரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடாக அமைந்த தகடு கிடைக்கும். அதிலிருந்து மீண்டும் பள்ளம் உடைய தாய்த்தகடு. தாய்த்தகட்டிலிருந்து மேடு உடைய அச்சுத்தகடு. இரு பக்கங்களுக்கும் இரண்டு அச்சுத்தகடுகளை எந்திரத்தில் பொருத்தி, நீராவியால் சூடேற்றி, இளகிய வினைல் உருண்டையை இடையில் வைத்து அழுத்துகிறார்கள். பின்னர்க் குளிர்நீர் செலுத்தித் தட்டை இறுகச் செய்து வெளியே எடுக்கிறார்கள். அப்பளம் இடுவது போல எளிதாகத் தோன்றும். ஆனால் சூடு, அழுத்தம், குளிர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் தட்டு குறையோடுதான் பிறக்கும்.

சூடு போதாமல் வினைல் தடத்தின் மூலைகளில் சென்று நிரம்பாவிட்டால், துணியைக் கிழிப்பது போன்ற ஓசை கேட்கும். விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி தட்டைப் பிடித்தால், அவ்விடம் வெண்மையாக மினுங்கும். இதனை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. இல்லாத சுவரை ஊசி எப்படித் தொடும்? நன்றாகக் குளிருமுன் எடுத்த தட்டு வளைந்துவிடும். ஆயினும் வளைவு கண்டவுடன் ஆலையைக் குறை கூற வேண்டாம். வெயிலில் நின்ற வண்டிக்குள் நாமே தட்டை வைத்திருந்தாலும் அதே வளைவு உண்டாகும். இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையில் வைத்துச் சூடேற்றி நிமிர்த்துவோர் உண்டு. தட்டு நிமிர்ந்தாலும் தடம் இளகிக் கெடக்கூடும் என்பதால், அம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் குறை, மையம் தவறிய துளை. நீள்நேரத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் ஊசி ஒரு சுற்றில் மையத்தை நெருங்கியும் விலகியும் செல்லும். சுருதி இறங்கியும் ஏறியும் ஆடும். வெளிவிளிம்பில், அதாவது மையத்திலிருந்து 146 மில்லிமீட்டர் தொலைவில், இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 0.34 பங்கு. உள்ளே 60 மில்லிமீட்டர் தொலைவில் அது 0.83 பங்காகிவிடும். ஓர் அரைச்சுரத்தின் இடைவெளியே நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்குதான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பேச்சிலும் தாளவாத்தியத்திலும் இது தெரியாமல் போகலாம். தம்புராவின் நீண்ட ஸட்ஜத்தில் கண்டிப்பாகத் தெரியும். காது ஐயுற்றால் கண்ணை நம்புங்கள். ஊசி தாங்கிய கை ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமுமாக அசைந்தாடும்.

துளையை அரத்தால் பெரிதாக்கிச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். இரு பக்கங்களுக்கும் அச்சுத்தகடுகள் வெவ்வேறு என்றேன் அல்லவா? ஒரு பக்கத்தின் மையம் சரியாக இருந்து மறுபக்கத்தின் மையம் மட்டும் தவறியிருக்கக்கூடும். ஜப்பானின் நகாமிச்சி நிறுவனம் 1980-களில், தட்டின் மையத்தைத் தானே தேடித் திருத்திக்கொள்ளும் சுழற்பொறியையே செய்தது. அதன் விலை நம்மைப் போன்றோர்க்கு உரியதன்று.

அந்த மாணவனுக்கு வருகிறேன். சில மாதங்கள் கழித்து, வேறொரு ஊரில் ஒரு நண்பர் வீட்டில் அதே இசைத்தட்டைக் கேட்டேன். அதே ஆலாபனை, அதே இடம், ‘டக்’, ‘டக்’ என்று எட்டு முறை. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஊருக்குத் திரும்பியதும் பள்ளித் தட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். ஊசி கீறியிருந்தால் அங்கே பள்ளம் இருக்க வேண்டும். இருந்ததோ கடுகினும் சிறிய ஒரு மேடு, அடுத்தடுத்த எட்டுத் தடங்களின் மேல். அச்சுத்தகட்டில் விழுந்த ஒரு குழி, அதில் அழுத்திய தட்டுகளில் எல்லாம் மேடாக எழுந்திருக்கிறது. 1.8 விநாடிக்கு ஒரு முறை அதன்மேல் ஊசி ஏறி இறங்கியது, அவ்வளவே. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அம்மாணவனிடம் என் பிழையைச் சொல்லிக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மேடுதான் ஐயா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே, தட்டு ஓசையிட்டால் முதலில் தூசியைத் துடையுங்கள். ஊசிமுனையைப் பாருங்கள். வாலை வடிநீரில் சிறிது சவர்க்காரம் கலந்து, நடுவிலுள்ள தாள் நனையாமல், மென்துணியால் தடத்தின் போக்கிலேயே துடைத்து உலரவிடுங்கள். அதன் பின்னும் அதே இடத்தில் அதே ஓசை எழுமானால், எந்தப் பக்கம், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு கடைக்காரரிடம் செல்லுங்கள். மாற்றுத் தட்டு தருவாரானால், நடுத்தாளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்களையும் குறிகளையும் பழைய தட்டினவற்றோடு ஒப்பிடுங்கள். அவை முற்றும் ஒன்றாக இருப்பின், அதே அச்சில் பிறந்த தட்டாக இருக்கக்கூடும். கடையிலேயே அவ்விடத்தை ஒரு முறை ஒலிக்கச் செய்து கேட்ட பின்னர் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.