மன்னார்க் கடலடியில் ஓர் எரிமலைக்கல்



மன்னார்த் தீவில் பிறந்தவர்களாகிய எமக்கு வைரமான கல் என்பது அபூர்வப் பொருள். மணல் உண்டு, சிப்பி உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு. அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்தே வந்து சேர வேண்டும். இத்தகைய ஊரிலே கல்லைப்பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். காரணம், எமது கடலின் அடியிலே எரிமலை உமிழ்ந்த பாறை புதைந்து கிடக்கின்றது.

1970களில் பேசாலையில் சோவியத்து நாட்டின் உதவியுடன் எண்ணெய் தேடித் துளையிட்டதைப் பெரியோர் மறந்திரார். அது கைகூடவில்லை. பின்னர், 2011ஆம் ஆண்டில், கெயின் லங்கா நிறுவனம் மன்னார்க் குடாவின் ஆழ்கடலில் மூன்று கிணறுகளைத் தோண்டியது. டொராடோ, பரகூடா என்னும் இரண்டில் இயற்கை வாயு கண்டனர். பரகூடாவிலே நீரின் ஆழம் மாத்திரம் ஏறக்குறைய 1,500 மீற்றர். அதன் கீழுள்ள பழைய படைகளிடையே பசால்ட்டு என்னும் எரிமலைப் பாறையும் அகப்பட்டது. வாயுவைப்பற்றி ஊரெல்லாம் பேச்சு, கல்லைப்பற்றிப் பேச்சில்லை!

நாம் கருங்கல் என்று ஒரே பெயரால் அழைப்பவை பலவாகும். கோயிற் தூணாகும் கருங்கல் பூமியின் ஆழத்திலே மெல்ல உறைந்தோ, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியோ உண்டானது. பசால்ட்டோ வெளியே வழிந்து விரைவில் ஆறிய குழம்பு. அதிலே சிலிக்கா ஏறத்தாழப் பாதிதான். இரும்பும் மகனீசியமும் மிகுதி. ஆகவே நிறம் கறுப்பு, பாரமும் அதிகம். சேதுவில் மிதக்கும் கல் இதுதானோ என்று இளைஞர் ஒருவர் எம்மிடம் கேட்டதுண்டு. அன்று, பசால்ட்டை நீரிலே போட்டால் தாழ்ந்தே போகும். சேதுவின் திட்டுகள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் பவளமுமாம். இதனாற் பக்திக்கு ஒரு குறையும் வாராது.

இக்குழம்பு எங்கிருந்து வந்தது? பூமியின் மேலோட்டுக்குக் கீழே மூடகம் என்னும் தடித்த பாறைப் பகுதி உண்டு. அது கடுஞ் சூடாயினும் மேலுள்ள பாரத்தால் உருகாது கிடக்கின்றது. நிலம் இழுபட்டு மெலியும்போது பாரம் குறைகிறது. மூடகம் மேலெழுந்து அதிலே ஒரு சிறு பங்கு உருகுகிறது. இந்தியாவும் இலங்கையும் சற்றே விலகிய இழுவையிலே பிறந்ததுதான் எமது கடலடிப் பள்ளம்.

கல்லின் சாதகத்தை இரசாயனமே கணிக்கிறது. ஆனால் சாதகத்தில் எல்லாக் கட்டங்களையும் நம்பலாகாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல்நீரில் ஊறிய கல்லிலே சோடியமும் பொற்றாசியமும் இடம் மாறிவிடும். தைத்தானியம், சேர்க்கோனியம், நையோபியம், இற்றியம் ஆகியன பெரும்பாலும் அசையாமல் இருக்கும். மிக ஆழத்தில் உருகியதாயின், அங்குள்ள கானெற்றுக் கனியம் இற்றியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழம்பிலே இற்றியம் குறையும். மேலேறும் வழியிலே கண்டத்தின் பாறையைக் கரைத்துக்கொண்டதாயின் தோரியம் கூடி, அதற்கு ஒப்ப நையோபியம் குறைந்து தோன்றும்.

இனி, எந்தப் பெருநெருப்பின் உறவு இது? ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது எரிமலைக் குழம்பு பெருகிற்று. கர்நாடகக் கரையின் செயின்ற் மேரீஸ் தீவுகளின் எரிமலைப் பாறைகள் அக்காலத்தன. 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தக்காணம் குழம்பால் மூடுண்டது. இரண்டிலொன்றோடு எமது கல்லைச் சேர்த்துவிட ஆசை எழுவது இயல்பே. எமக்கு அவசரமில்லை. நிலம் மெலிந்ததே போதுமான காரணமாகவும் இருக்கலாம்.

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. குழம்பின் சூடு அயலிலுள்ள படிவுகளை வேகவைக்கும். அப்படிவுகளிலிருந்தே எண்ணெயும் வாயுவும் பிறக்கின்றன. மேலும், அடர்ந்த பசால்ட்டு ஒலியலைகளைத் தெறிக்கச் செய்து, தன் கீழுள்ளதைத் தேடுவோர் கண்ணுக்கு மறைக்கும். வாயு எவ்வளவு, எங்கே என்று எமது மீனவர் கடலிலே மீண்டும் துளையிட வருவோர் இக்கல்லைப் படித்தே ஆகவேண்டும்.

படிப்பதும் எளிதன்று. துளைப்பொறி அரைத்து, சேற்றோடு மேலே கொண்டுவருவன பெரும்பாலும் நகக்கண்ணளவு துகள்களே. மேற்படையின் துகளும் அவற்றோடு கலக்கும். வயதைக் கணிக்கவோ பொற்றாசியம் ஆகனாக மாறும் அளவைப் பார்க்க வேண்டும். கடல்நீர் கலைத்துவிடும் என்று சற்றுமுன் சொன்னோமே, அதே பொற்றாசியம்! ஆகவே ஒவ்வொரு துகளையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நீர் தீண்டாததைப் பொறுக்கிய பின்னரே கணக்குத் தொடங்கும்.