மாமியார் தீர்ப்பு

பிறந்து இரண்டு நாளாச்சு, பிள்ளை இன்னும் வெளிக்குப் போகவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பிக் கிடக்கிறது. வீட்டில் உடனே மாமியார் தீர்ப்பு: "மாசமா இருக்கயில இவ என்னத்தத் தின்னாளோ!"

அவள் ஒன்றும் தின்னவில்லை அய்யா! கருவுக்கு நாலு வாரம் ஆகும்போது, பின்கழுத்துப் பக்கமிருந்து நரம்புச் செல்கள் புறப்படுகின்றன. ஏழாவது வாரத்துக்குள் குடலின் கடைக்கோடி வரை போய்ச் சேர வேண்டும். சில பிள்ளைகளுக்கு நடுவழியில் நின்றுவிடுகின்றன. நரம்பு போய்ச் சேராத குடல் சுருங்கியே கிடக்கும், மலத்தைத் தள்ளாது. ஐயாயிரம் பிள்ளைக்கு ஒன்று இப்படி. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். 1886-லேயே அந்தப் பெயர்கொண்ட டென்மார்க்கு மருத்துவர் இந்த நோயை விவரித்துவிட்டார்.

அப்புறம் அறுபது வருஷம் என்ன நடந்தது? மேலே வீங்கின குடல்தான் குற்றவாளி என்று பெரும்பாலான டாக்டர்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1948-ல் பாஸ்டன் நகரத்து ஸ்வென்சன் வந்தார். கீழே ஒல்லியாக, சாதுவாக இருக்கிறதே, அந்தத் துண்டுதான் ஆசாமி என்றார். அதை வெட்டியெடுத்தார், பிள்ளை பிழைத்தது! என்ன, இதற்குப் போய் இத்தனை கைதட்டல்? நான் உள்ளூர்க்காரர் யாரையும் சொல்லவில்லை!

சொல்லத்தான் வேண்டும். ஒரு அண்ணன் மேடைக்கு மேடை குடலைச் சுத்தம் பண்ணப் பொடி விற்கிறார். நரம்பே இல்லாத குடலில் பொடி என்னய்யா பண்ணும்? இன்னொருத்தர் எல்லாம் தலையெழுத்து என்கிறார். அவருக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் மெனோனைட்டுகள் என்று ஒரு சனம். குதிரை வண்டி, சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். அங்கே ஏறத்தாழ ஐந்நூறு பிள்ளைக்கு ஒன்று. அந்தக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்தன. கொல்கத்தாவில் புள்ளியியல் படித்துவிட்டுப் போன அரவிந்த சக்கரவர்த்தியின் குழு 1994-ல் ஒரு மரபணுவைப் பிடித்தது. அதே வருஷம் வேறு குழுக்கள் 'ரெட்' மரபணுவைப் பிடித்தன. நரம்புச் செல்லுக்கு "முன்னே போ" என்று கேட்கிற காது அது.

இப்போது கேளுங்கள். அந்த மெனோனைட்டுப் பிள்ளைகளில், சக்கரவர்த்தி குழு பிடித்த மரபணுவில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு பழுதும் வந்தவர்களில்கூட நூற்றுக்கு 74 பேருக்குத்தான் நோய். மற்ற 26 பேருக்கு அந்த நோய் இல்லை. எங்கே போனது தலையெழுத்து? அப்பன் கொடுத்த பாதியை விட்டுவிட்டு, தீர்ப்பு மட்டும் ஏன் அம்மா தலையில்? அந்த மாமியாரை என்னால் விட முடியவில்லை!

நேரம் முடிந்தது என்று கூட்டத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ரத்தம் கொடுத்த அந்தத் தாய்மார்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு கைதட்டல். முன்வரிசை மட்டும் தட்டினால் போதாது, பின்னால் டீ குடிக்கிறவர்களும் தட்டுங்கள்!