சூடேறும் ஃபிளாஷுக்கு வைத்தியம்



காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வீட்டு விசேஷங்களில் கேமராவைக் கையில் எடுத்தவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்கள். உறவினர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள்; நாமும் படபடவென்று எடுத்துத் தள்ளுகிறோம். திடீரென்று ஃபிளாஷ் அடிக்க மறுக்கிறது. மின்னல் குறி மினுக்குகிறது. தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. உடனே, "கேமரா போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது.

கேமராவோடு சேர்ந்தே வரும் அந்தச் சின்ன ஃபிளாஷுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் செனான் வாயு. பேட்டரி தருவது சில வோல்ட்தான். அதைச் சுமார் 300 வோல்ட்டாக உயர்த்தி, கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்து, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் குழாய்க்குள் பாய்ச்சுகிறது கேமரா. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதிதான் வெளிச்சம், மிச்சம் வெப்பம். கைக்கடக்கமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அந்த வெப்பம் சீக்கிரம் தணியாது. அதனால்தான் பல கேமராக்கள் குழாயைக் காப்பாற்றத் தாமாகவே ஃபிளாஷைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கின்றன.

முன்பெல்லாம் ஃபிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். காசு கரையுமே என்று, அடிக்கும் முன் யோசித்தார்கள். 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்டன் மின்னணு ஃபிளாஷை வளர்த்தெடுத்தார். ஒரே குழாய் ஆயிரக்கணக்கான முறை ஒளிரும் என்ற வசதி அந்த வழியில் வந்தது. யோசிக்காமல் அடிக்கும் பழக்கமும் கூடவே வந்தது.

சரி, சூடேறிவிட்டது, என்ன செய்வது? முதலில் கேமராவை அணைத்து, சில நிமிடம் ஆறவிடுங்கள். ஈரத்துணி, ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு செட்டிங்குகளைப் பாருங்கள். தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் முறையை ஒற்றைப் படத்துக்கு மாற்றுங்கள். கண் சிவப்பைத் தடுக்கும் வசதி சில கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷைக் கூடுதலாக அடிக்கவைக்கும். இருட்டில் ஃபோகஸ் பிடிக்கவும் சிலவற்றில் ஃபிளாஷே சிமிட்டும். தேவையில்லை என்றால் இரண்டையும் நிறுத்துங்கள்.

முக்கியமான மருந்து, கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணில் இருக்கிறது. இத்தகைய ஃபிளாஷின் வழிகாட்டி எண் பெரும்பாலும் 12 அளவில் இருக்கும். அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 5.6 என்றால் இரண்டு மீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தில் நிற்பவருக்கே ஃபிளாஷ் தன் முழு பலத்தையும் கொட்ட வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்குங்கள்: அதே ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு போதும். வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும், பேட்டரியும் நீடிக்கும். பின்னணியில் இருக்கும் விளக்கும் தோரணமும் இருட்டில் மூழ்காமல் படத்தில் தெரியும். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை.

மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று மேடையை ஃபிளாஷ் அடித்து எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். மேடைக்கு அது போய்ச் சேராது. குழாய் சூடாவதுதான் மிச்சம். அணைத்துவிடுங்கள், அல்லது கிட்டே போங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நாலைந்து படத்திலேயே சுடுகிறதா? கருகல் வாடை வருகிறதா? முன்பக்கப் பிளாஸ்டிக் பழுத்துப்போயிருக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறதா? அப்போது அது உண்மையான பழுது. சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். திருப்புளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது தரும் அதிர்ச்சி ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

கேமராவின் சின்ன ஃபிளாஷை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று மீட்டருக்குள், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தைத் தெளிவாக்க அது போதும். கல்யாண மண்டபம் முழுவதற்கும் விளக்குப் பிடிக்கச் சொன்னால்தான் சூடாகிறது. அடுத்த விசேஷத்துக்குப் புறப்படும் முன், ஐ.எஸ்.ஓ.வை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.