மர்மக் கதையில் மாறிய கேள்வி

மர்மக் கதை என்றதும் "கொன்றவன் யார்?" என்றுதான் கேட்போம். பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுபவர்களும் நம்மில் உண்டல்லவா? அகதா கிறிஸ்டி எழுதி 1926-இல் நூலாக வெளிவந்த 'ரோஜர் அக்ராய்டின் கொலை' அக்கேள்விக்கு எவரும் எதிர்பாராத விடை தந்து புகழ்பெற்றது.

இன்றைய நாவல்கள் பலவற்றில் கேள்வியே வேறு. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட 'சந்தேக நபர் எக்ஸ்' நாவலைப் பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் உழைத்து மகளை வளர்க்கிறாள் ஒரு தாய். மணவிலக்குப் பெற்ற பின்னும் கணவன் பணம் கேட்டு வந்து தொல்லை தருகிறான். கைகலப்பில் தாயும் மகளும் அவனைக் கொன்றுவிடுகின்றனர். தொடக்கத்திலேயே இது நமக்குத் தெரிந்துவிடுகிறது!

பக்கத்து வீட்டுக் கணக்கு ஆசிரியர் குற்றத்தை மறைக்க முன்வருகிறார். எப்படி மறைத்தார்? எதற்காக? போலீசார் ஏமாந்துபோக வேண்டுமே என்று நாமே தவிக்கிறோம். செத்தவனும் ஒரு மனிதன்தானே என்ற எண்ணம் பிறகுதான் உறுத்துகிறது. பழைய துப்பறியும் கதைகளில் நமக்கு இந்தச் சங்கடம் அரிது.

ஆசிரியர் போட்ட கணக்கை இங்கே சொல்லமாட்டோம். நாவல் 2011-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.