வட்டுகளின் போட்டியும் வீட்டின் நினைவுகளும்

பொன்னாலைக் கடலின் மேலாகச் செல்லும் தாம்போதியைக் கடந்தால் காரைநகர். முன்னாளிற் காரைதீவு என வழங்கிய இவ்வூரின் மக்கள், வாணிகத்தின் பொருட்டு இலங்கையின் பல பாகங்களுக்கும் சென்று பெயர் பெற்றவர்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் அதனினும் தொலைவாக, கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் குடியேறியுள்ளனர். மார்கழியில் ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன் கோவிலில் திருவாதிரை விழா நிகழும்போது சிலர் ஊர் திரும்புகின்றனர். விழா முடிந்து, பெற்றோர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்க்கும் ஒருவர் அங்கே கறுப்பு நிற வீடியோக் கொப்பிகளையும் உறையிலிட்ட இறுவட்டுகளையும் காணக்கூடும். ஒன்றில் தமக்கையின் திருமணம். ஒன்றில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள். ஒன்றில் மறைந்துபோன தந்தையின் முகமும் குரலும். அவற்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கேற்ற பொறி வீட்டில் இல்லை. "அவையெல்லாம் பழுதாய்ப் போய்விட்டன" என்று வீட்டார் கூறுவர்.

ஆனால் அவற்றுட் பல பழுதாகவில்லை. படமும் குரலும் இன்னும் அவற்றினுள்ளே இருக்கின்றன. அவற்றைப் படிக்கவல்ல பொறிதான் உலகச் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. அது மறைந்த வரலாறு, வீட்டுப் படவட்டுகளைச் செய்த பெரு நிறுவனங்கள் ஒன்றோடொன்று நிகழ்த்திய போட்டியின் வரலாறாகும். அதனை அறிந்துகொள்வது வீண் பொழுதுபோக்கன்று. அலுமாரியில் உறங்கும் நினைவுகளைக் காக்கும் வழியும் அதிலிருந்தே தெளிவாகும்.

இசைத்தட்டில் ஒலியைப் பதிந்து வைப்பது போல, படத்தையும் ஒரு தட்டிற் பதிந்து வைத்தல் இயலுமா என்ற எண்ணம் மிகப் பழையது. தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் லோகி பெயர்ட் 1927ஆம் ஆண்டிலேயே தம்முடைய படச் சைகைகளைச் சாதாரண இசைத்தட்டிற் பதிந்தார். பதிந்தாரே ஒழிய, அத்தட்டிலிருந்து தெளிவான படத்தை மீட்டுக் காண அவரால் இயலவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அத்தட்டுகள் ஊமையாய்க் கிடந்தன. 1980களிலும் அதன் பின்னரும் கணினியின் துணைகொண்டே அவற்றிலிருந்த முகங்கள் மீட்கப்பட்டன. தட்டு இருந்தாற் போதாது, அதனைப் படிக்கும் கருவியும் வேண்டும் என்னும் பாடம் தொடக்கத்திலேயே இவ்வாறு புலனாகியது.

1975இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தெலிபங்கன் நிறுவனத்தின் படத்தட்டு பத்து நிமிடமே ஓடியது. ஆகவே அது நிலைக்கவில்லை. அதன்பின் மூவர் களத்தில் இறங்கினர். ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.சி.ஏ. நிறுவனமும் சேர்ந்து ஆக்கிய லேசர் வட்டு 1978 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. முப்பது சதமமீற்றர் அகலமுடைய அவ்வட்டின் நுண்ணிய குழிகளை ஒளிக்கதிர் தடவிப் படித்தது. ஊசி எதுவும் தொடாமையால் வட்டு தேயவில்லை. படமும் மிகத் தெளிவாயிருந்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனமோ 1981இல் வேறொரு வட்டை வெளியிட்டது. அதில் இசைத்தட்டில் உள்ளது போலவே வரிப்பள்ளமும் ஊசியும் இருந்தன. ஊசிக்கும் தட்டுக்கும் இடையே மாறுகின்ற கொள்ளளவத்தைக் கொண்டு படம் உருவாக்கப்பட்டது. பொறியின் விலை குறைவு. ஆனால் ஒரு துகள் தூசு பட்டாலும் படம் துள்ளும். ஆகையால் அவ்வட்டைக் கையால் தொடாதவாறு ஒரு பிளாத்திக்கு உறையிலேயே வைத்துப் பொறிக்குள் செலுத்தவேண்டியிருந்தது. மூன்றாமவர் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்தார். 1983இல் அவர்கள் வெளியிட்ட வட்டில் பள்ளம் இல்லை. ஆயினும் ஊசி உண்டு.

இம்மூன்று வட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தா. ஒன்றை மற்றொன்றின் பொறியில் இட இயலாது. எந்நிறுவனத்தின் பொறியை ஒருவர் வாங்கினாரோ, அந்நிறுவனத்தின் வெற்றி தோல்வியோடு அவருடைய பணமும் கட்டுண்டது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1984இல் தன் பொறிகளின் உற்பத்தியை நிறுத்திற்று. அம்முயற்சியில் அது இழந்த தொகை ஏறக்குறைய 58 கோடி டொலர் என்பர். 1986இல் அந்நிறுவனமே ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஜே.வி.சி.யின் வட்டு ஜப்பானுக்கு அப்பால் வீடுகளிற் பரவவில்லை. லேசர் வட்டு மட்டும் ஜப்பானிலும் வேறு சில நாடுகளிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. 2009இல் பயனியர் நிறுவனம் அதன் பொறிகளைச் செய்வதைக் கைவிட்டது.

இம்மூவரையும் வென்றது மற்றொரு வட்டு அன்று, காந்த நாடா. ஜே.வி.சி. நிறுவனமே 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். பேழையே அது. சோனியின் பீற்றாமாக்ஸ் நாடாவும் அதற்குப் போட்டியாக இருந்தது. எனினும் தொடக்கத்தில் அது ஒரு மணி நேரமே ஓடியது, வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம் ஓடியது. வட்டின் படம் நாடாவின் படத்தினும் தெளிவானது என்பதை மறுப்பார் இலர். ஆனால் வட்டில் விற்பவர் பதிந்ததை மட்டுமே பார்க்கலாம். நாடாவிலோ வீட்டார் தாமே பதியலாம், அழிக்கலாம், படியெடுத்து அயலவருக்குக் கொடுக்கலாம். மக்கள் தெளிவைக் காட்டிலும் உரிமையையே விரும்பினர் என்பது இதனால் விளங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் இவ்வுண்மை கண்கூடாயிற்று. லேசர் வட்டின் பெயரைக்கூட இங்குப் பெரும்பாலோர் கேட்டிலர். வந்தவை தொலைக்காட்சிப் பெட்டியும் "டெக்" என்று வழங்கிய நாடாப் பொறியும் ஆகும். 1980களில் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் அவற்றைக் கொண்டுவந்தனர். தமிழ்த் திரைப்படம் ஒன்று மூன்று மணி நேர நாடாவில் முழுமையாக அடங்கிற்று. பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்ப்பது ஊர்களின் வழக்கமாயிற்று. 1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோன பின்னர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியும் அவற்றோடு வாடகைக்கு வந்தது. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அத்தகைய காலத்தில் எளிதிற் படியெடுக்கத்தக்கதும், எவ்விடத்தும் கிடைப்பதுமான ஒரே வகை நாடா இருந்தமை சிறு நன்மை அன்று.

1990களின் தொடக்கத்தில் காரைநகர் மக்களிற் பெரும்பாலோர் போரினால் ஊரைவிட்டு நீங்கினர். கைக்கு அகப்பட்டதை எடுத்துச் சென்றவர்கள் திருமணப் படங்களையும் கொப்பிகளையும் எடுத்துச் செல்ல எண்ணியிருப்பார்களோ என்பது ஐயமே. விட்டுச் சென்றவை மீளவில்லை. ஆகையால், பின்னர் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய கொப்பிகள் பெற்றோருக்குப் பெரும் செல்வமாயின. ஆனால் அங்கும் ஒரு தடை எழுந்தது. இலங்கையும் இங்கிலாந்தும் பின்பற்றிய தொலைக்காட்சி முறை பால் என்பது; அதில் படத்துக்கு 625 கோடுகள். கனடாவின் முறை என்.ரி.எஸ்.சி.; அதில் 525 கோடுகள். பிரான்சின் முறை சீக்கம். ஆகவே லண்டன் மகனின் கொப்பி ஊர் டெக்கிற் சரியாக ஓடும். பாரிஸ் மகளின் கொப்பி நிறமிழந்து ஓடும். ரொறன்ரோ மகனின் கொப்பியோ உருளும் கோடுகளையே காட்டும். மூன்று பிள்ளைகளும் ஒரு தாயின் வயிற்றிற் பிறந்தவர்கள். அவர்கள் அனுப்பிய படங்களோ ஒரே பொறியில் ஓட மறுத்தன.

வட்டு மீண்டும் வந்தது 1993இல். பிலிப்ஸ், சோனி, மட்சுஷிற்றா, ஜே.வி.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் உடன்பட்டு வகுத்த வி.சி.டி. என்னும் சிறு இறுவட்டு, பன்னிரண்டு சதமமீற்றர் அகலமுடையது. அதன் படம் நாடாவின் படத்தைவிடச் சிறந்ததன்று. ஒரு வட்டில் 74 நிமிடமே அடங்கியது. ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் வேண்டும். இருப்பினும் மலிவாலும், படியெடுக்கும் எளிமையாலும் ஆசியா முழுவதும் அது பரவியது. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டுக் கண்டி வீதி திறந்தபோது, யாழ்ப்பாணத்துக் கடைகளில் இவ்வகை வட்டுகள் மலிந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டி.வி.டி. கோலோச்சிய அக்காலத்தில், இங்கு எளிய வி.சி.டி.யே வீடுகளை ஆண்டது.

டி.வி.டி.யின் பிறப்பும் ஒரு போட்டியின் விளைவே. சோனியும் பிலிப்சும் ஒரு வட்டை வகுத்தன. தோஷிபாவும் அதன் தோழர்களும் வேறொன்றை வகுத்தனர். பழைய நாடாப் போர் மீண்டும் மூளும் என்று அஞ்சிய கணினி நிறுவனங்கள், ஐ.பி.எம். முன்னின்று, இருதரப்பாரையும் 1995இல் இணங்கச் செய்தன. 1996இல் ஜப்பானில் வெளிவந்த அவ்வட்டு விரைந்து வெற்றி பெற்றமைக்கு அவ்விணக்கமே முதற் காரணம். அதன் பொறி பெரும்பாலும் பழைய வி.சி.டி.யையும் படித்தது, ஆகவே பழையதை வாங்கியவர் கைவிடப்படவில்லை. ஆயினும் அங்கும் வேலிகள் இடப்பட்டன. உலகம் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது: கனடா முதலாம் வலயம், இங்கிலாந்து இரண்டாம் வலயம், இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். ஒரு வலயத்துக்கென விற்ற திரைப்பட வட்டு மற்றொரு வலயத்துப் பொறியில் ஓடாது. வீட்டில் பதியத்தக்க டி.வி.டி.யிலோ கழித்தற்குறி வகை, கூட்டற்குறி வகை என இரு கட்சிகள் தோன்றின. திருமண வீட்டாருக்குப் படப்பிடிப்பாளர் கொடுத்த வட்டு எவ்வகையது என்று எவர் கேட்டறிந்தனர்?

இறுதிப் போர் 2006இல் மூண்டது. தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி.யும் சோனி அணியினரின் புளூ-ரே வட்டும் மோதின. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் புளூ-ரேயின் பக்கம் சேர்ந்தது. பெப்ரவரி 19ஆம் திகதி தோஷிபா களத்தினின்று நீங்கியது. உலகச் செய்தித்தாள்கள் அதனை ஒரு போரின் முடிவாக எழுதின. அந்நாளில் குடாநாட்டின் தரைவழிப் பாதை மூடிக்கிடந்தது. உயிர்களைப் பறிக்கும் உண்மைப் போர் நாட்டில் நடந்துகொண்டிருந்தது. வென்ற புளூ-ரேயும் நெடுநாள் கொண்டாடவில்லை. இணையவழிப் படக்காட்சி பரவி, வட்டு என்பதே அருகியது. நாடாப் பொறிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்தியது. வீட்டில் பதியத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது.

இவ்வரலாற்றினின்று பெறத்தக்க பாடம் யாது? முன்னோர் தம் அறிவை ஏட்டில் எழுதினர். ஏடு செல்லரிக்கும், ஆனால் அதனைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவுமே போதும். செல்லரிக்கு முன்னே புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவது அவர்களின் மரபு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்த்த அச்செயலே அந்நூலைக் காத்தது. வட்டும் நாடாவும் ஏட்டினும் நொய்யவை. அவற்றைப் படிக்கும் கண்ணை ஒரு நிறுவனம் செய்து விற்கின்றது, பின்னர் விற்பதை நிறுத்துகின்றது. ஆகவே பெயர்த்தெழுதும் மரபு ஏட்டுக்கு வேண்டியதைவிட இவற்றுக்கு விரைவாக வேண்டும்.

கடற்காற்றின் ஈரத்தில் நாடாவிற் பூஞ்சணம் படியும். வீட்டிலும் படப்பிடிப்பாளரிடத்தும் பதிந்த வட்டு சாயத்தினால் ஆனது; வெப்பத்திலும் வெயிலிலும் அச்சாயம் மங்கும். அதனால் அவற்றை நிழலான, உலர்ந்த இடத்தில் நிறுத்தி வைத்தல் நன்று. பூஞ்சணம் படிந்த நாடாவைத் துப்புரவாக்காமல் டெக்கில் இடலாகாது. நாடாவும் பொறியும் ஒருங்கே கெடும். இயங்கும் டெக் ஊரில் எஞ்சியிருக்கும்போதே பாலின் முறைக் கொப்பிகளைக் கணினிக் கோப்பாகப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். கனடாவிலிருந்து வந்த கொப்பியைப் பல முறைகளையும் படிக்கும் டெக் இருப்பவரிடமோ, கனடாவிலுள்ள பிள்ளைகளிடமோ சேர்ப்பித்தல் தகும். பெயர்த்த கோப்பு ஒன்று காரைநகரிலும் ஒன்று வெளிநாட்டிலுமாக இரண்டிடத்தில் இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனைத் திறந்து பார்த்து, காலத்துக்கேற்ற வடிவத்துக்கு மீண்டும் மாற்றுதலும் வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிம வடிவிற் காத்துவரும் "நூலகம்" திட்டத்தார் பெரிய அளவிற் செய்வதை, ஒவ்வொரு குடும்பமும் தன் அளவிற் செய்யலாம்.

இதனோடு வேறொரு கடமையும் உண்டு. படத்தில் தோன்றும் முகங்கள் யாருடையவை என்று சொல்லவல்ல முதியோர் இன்னும் வாழ்கின்றனர். பந்தற்கால் அருகே நிற்பவர் எந்த முறையில் மாமன், பின்வரிசையில் அமர்ந்திருப்பவள் யாருடைய சகோதரி என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும். தொலைந்த பொறிக்கு மாற்றுப் பொறி ஒருவேளை கிடைக்கலாம். பெயர்ட்டின் தட்டிலிருந்த முகங்கள் அறுபது ஆண்டு கழிந்தும் மீண்டன. ஆனால் அம்முகங்களை இன்னார் என்று அறிந்தவர் மறைந்த பின், எந்நிறுவனத்தின் எவ்வகைப் பொறியாலும் அந்த அறிவை மீட்க இயலாது. அடுத்த திருவாதிரைக்கு ஊர் வருபவர்கள் அலுமாரியைத் திறக்கும்போது, அருகில் தாயையோ பேரனாரையோ அமர்த்திக்கொண்டு திறப்பாராயின், அதுவே தக்க தொடக்கமாகும்.